காட்சி வேண்டும், கலைஞன் வேண்டாமா?

கொடைக்கானலுக்குப் போய் வந்தவர்கள் எழுதும் கட்டுரைகளிலும் சொல்லும் கதைகளிலும் ஒரு வாக்கியம் தவறாமல் வரும். "அப்படியே சித்திரம் எழுதி வைத்தது போல இருந்தது!" கோக்கர்ஸ் வாக்கில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தாலும் சித்திரம். தூண் பாறைக்கு முன்னால் மூடுபனி விலகினாலும் சித்திரம். ஏரியில் ஒரு படகு போனாலும் சித்திரம்.

சரி ஐயா, ஒப்புக்கொள்கிறேன். எந்தச் சித்திரம்? யார் எழுதியது? எந்த ஊரில், எந்தச் சுவரில் அதைப் பார்த்தீர்கள்? இப்படி யாராவது ஒருவரை நிறுத்திக் கேட்டுப் பாருங்கள், திருதிருவென்று விழிப்பார். ஓர் ஓவியன் தன் கையால் எழுதிய அசல் படத்துக்கு முன்னால் அவர் ஆயுளில் ஐந்து நிமிஷம் நின்றிருக்க மாட்டார். அவர் மனசிலிருக்கும் சித்திரம், பல் வைத்தியர் அறையில் தொங்குகிற சுவிட்சர்லாந்துக் காலண்டர். கொடைக்கானல் அந்தக் காலண்டரைப் போல இருக்கிறது என்பதுதான் அவருடைய ரசனையின் உச்சி.

இதைச் சொன்னால் கோபம் வரும். வரட்டும். மாதம் நாலு நாவல் படிக்கிற, சங்கீத சீசனுக்குத் தவறாமல் போகிற, சினிமாப் பாட்டில் எந்த வரி யார் எழுதியது என்று சத்தியம் பண்ணிச் சொல்லக்கூடிய நம்முடைய மத்தியதர வர்க்கத்தைப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன். வேறு யாரைப் பார்த்துச் சொல்வது? வயிற்றுப்பாட்டுக்கே அல்லாடுகிறவனைப் பார்த்து ரசனையைப் பற்றிப் பேசினால் அது அயோக்கியத்தனம்.

என் கட்சி இதுதான். நமக்குக் காட்சி வேண்டும். காட்சிக்குள்ளே இருக்கிற மனிதன் வேண்டாம். அந்தக் காட்சியை நமக்குக் காட்டித் தருகிற கலைஞனோ வேண்டவே வேண்டாம். அவன் பரிசு வாங்கி, பத்திரிகையில் அவன் புகைப்படமும் வந்துவிட்டால் மட்டும், "நம்ம பக்கத்துக்காரராக்கும்" என்று சொந்தம் கொண்டாட வரிசையில் நிற்போம்.

இந்தக் குற்றத்தை நிரூபிக்க ஆஸ்திரேலியா வரையில் போகப் போகிறேன். கொடைக்கானலிலிருந்து ஆஸ்திரேலியா அப்படியொன்றும் தூரமில்லை. நீங்கள் மலையிலிருந்து வாங்கிக்கொண்டு வருகிறீர்களே யூகலிப்டஸ் தைலம், அந்தப் பாட்டிலுக்குள்ளேயே இருக்கிறது ஆஸ்திரேலியா.

பழனி மலையின் சொந்தச் சொத்து, மடிப்பு மடிப்பாக விரிந்த புல்வெளியும், அந்த மடிப்புகளுக்குள் ஒண்டிக் கிடக்கும் சோலைக் காடுகளுமே. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சி அந்தப் புல்வெளியின் குழந்தை. யூகலிப்டஸும் வாட்டிலும் வெள்ளைக்காரன் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த மரங்கள். ஒன்று விறகுக்கும் தைலத்துக்கும், இன்னொன்று தோல் பதனிடும் பட்டைக்கும் என்று நட்டார்கள். பிறகு சர்க்கார் ஏக்கர் ஏக்கராக நட்டது. வந்தவை வந்த இடத்தில் நிற்கவில்லை. வாட்டில் புல்வெளிக்குள் புகுந்து அதை விழுங்கிக்கொண்டிருக்கிறது. ஏரியோ, 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்ற வெள்ளைக்காரர் நீரோடையைத் தேக்கி உண்டாக்கியது. கோக்கர்ஸ் வாக் 1872-இல் கோக்கர் என்ற ராணுவ அதிகாரி போட்ட நடைபாதை. ஆக, 'இயற்கைக் காட்சி' என்று நாம் உருகுவதில் பாதி, யாரோ ஒரு மனிதன் தன் கண்ணுக்கு இதமாக அமைத்துக்கொண்ட ஏற்பாடு. நாமும் அவன் நிற்கச் சொன்ன இடத்தில் நின்று, அவன் பார்க்கச் சொன்ன பக்கம் பார்த்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு இறங்குகிறோம்.

அந்த யூகலிப்டஸின் தாய் நாட்டில், அதன் உறவுக்கார மரம் ஒன்றை உலகப் பிரசித்தமாக்கிய ஓர் ஓவியர் இருந்தார். வெள்ளை வெளேரென்ற தண்டுடன் செம்மண்ணில் தனியாக நிற்கும் மரம் அது. ஊதா மலைகளையும் அந்த வெள்ளை மரங்களையும் நீர்வர்ணத்தில் எழுதிய அவர் பெயர் ஆல்பர்ட் நமட்ஜிரா. அந்த மண்ணின் பூர்வ குடியில் பிறந்தவர். பிறந்த வருஷம் 1902; பிறந்த இடம் மத்திய ஆஸ்திரேலியாவில் ஹெர்மன்ஸ்பர்க் என்ற பாதிரிமார் குடியிருப்பு. அங்கே படம் எழுத வந்தவர் ரெக்ஸ் பேட்டர்பீ என்ற வெள்ளைக்கார ஓவியர். 1936-இல் நமட்ஜிரா அவருக்கு ஒட்டகக்காரராகப் போனார். மலையில் வழி காட்டியவர் நமட்ஜிரா. வர்ணம் கலக்கக் கற்றுக் கொடுத்தவர் பேட்டர்பீ. இரண்டே வருஷம். 1938-இல் மெல்போர்னில் நமட்ஜிராவின் முதல் கண்காட்சி நடந்தது. வைத்த படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை; அத்தனையும் விற்றுப் போயிற்று.

அதற்குப் பிறகு ஆஸ்திரேலிய மத்தியதர வர்க்கத்தின் வீட்டுக் கூடங்களில் எல்லாம் நமட்ஜிராவின் மரமும் மலையும் தொங்கின. அசல் வாங்க வசதியில்லாதவன் அச்சுப் படம் வாங்கி மாட்டினான். 1953-இல் ராணியின் முடிசூட்டு விழாப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. மறு வருஷம் கான்பெராவில் ராணியையே நேரில் சந்தித்தார். இதற்கு மேல் ஒரு கலைஞனுக்கு என்ன வேண்டும் என்கிறீர்களா?

குடியிருக்க ஒரு வீடு வேண்டும். அதைத்தான் கொடுக்கவில்லை. ஆடு மாடு மேய்க்க நிலம் குத்தகைக்குக் கேட்டார், இல்லை என்றார்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் இடம் வாங்கி வீடு கட்டப் பார்த்தார். பூர்வ குடிக்காரன் ஊருக்குள் வீடு கட்டச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அவர் எழுதிய மலை ஊரிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய் உட்கார்ந்துவிட்டது. மலையை எழுதியவர் ஊருக்கு வெளியே கூடாரத்தில் கிடந்தார். ஆனால் அவர் வருமானத்துக்கு வரி வாங்க மட்டும் அந்தச் சர்க்கார் மறக்கவில்லை!

1956-ஆம் வருஷத்துக் கூத்தைக் கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் ஆர்ச்சிபால்ட் பரிசு என்று ஒன்று உண்டு. 1921-இலிருந்து, சிட்னியிலுள்ள கலைக்கூடம் மனித முகங்களை எழுதும் ஓவியர்களுக்குக் கொடுப்பது. அந்த நாட்டில் அதைவிடப் பேர் பெற்ற ஓவியப் பரிசு இல்லை. 1956-இல் வில்லியம் டார்கி என்ற வெள்ளைக்கார ஓவியர் அதை வாங்கினார். எந்தப் படத்துக்கு? ஆல்பர்ட் நமட்ஜிராவின் முகத்தை எழுதியதற்கு! டார்கி நல்ல ஓவியர். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஊரின் கணக்கைப் பாருங்கள். நமட்ஜிராவின் முகத்துக்குப் பரிசு உண்டு. அந்த முகத்துக்குச் சொந்தக்காரனுக்கு ஓட்டு இல்லை, வீடு இல்லை.

1957-இல் அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும் பூரணக் குடியுரிமை கொடுத்தார்கள். பெற்ற பிள்ளைகளுக்குக் கிடையாது. குடியுரிமை பெற்றவன் மது வாங்கலாம். பெறாத உறவினனுக்கு அதில் ஒரு மிடறு கொடுத்தால் குற்றம். கிடைத்ததைச் சுற்றத்தோடு பங்கிட்டுக்கொள்வது அந்த ஜனங்களின் தர்மம். இலையில் விழுந்ததைத் தனியாகத் தின்கிறவனை நாம் என்ன சொல்வோமோ, அதையேதான் அவர்களும் சொல்வார்கள். தர்மத்துக்குக் கட்டுப்பட்டார் நமட்ஜிரா; சட்டம் பிடித்துக்கொண்டது. 1958-இல் ஆறு மாதத் தண்டனை. நாடு முழுவதும் கூச்சல் எழுந்த பிறகு மூன்று மாதமாகக் குறைத்தார்கள். இரண்டு மாதம் காவலில் இருந்து வெளியே வந்தார். 1959 ஆகஸ்டில் செத்துப் போனார். வயசு 57.

செத்த பிறகாவது விட்டார்களா? அவர் படங்களின் பதிப்புரிமையை 1983-இல் சர்க்கார் அதிகாரி ஒருவர், குடும்பத்தைக் கேட்காமலே, 8,500 டாலருக்கு ஒரு பதிப்பகத்துக்கு விற்றுவிட்டார். பாட்டன் எழுதிய மரத்தை ஒரு வாழ்த்து அட்டையில் அச்சிட்டாலும் பேரப் பிள்ளைகளுக்குக் காலணா வராது. குடும்பம் போராடி அந்த உரிமையைத் திரும்பப் பெற்றது 2017-இல். அவர் எழுதிப் புகழ் பெற்ற இரட்டை வெள்ளை மரங்களோ, 2013 ஜனவரியில் கருகிக் கிடந்தன. யாரோ தீ வைத்திருக்க வேண்டும் என்று சந்தேகித்தார்கள்.

இப்போது பேரனின் கதைக்கு வருகிறேன். சரியாகச் சொன்னால் கொள்ளுப் பேரன். வின்சென்ட் நமட்ஜிரா 1983-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பிறந்தார். ஆம், பாட்டனின் உரிமை விலை போன அதே வருஷம். சிறு வயதில் தாயை இழந்தார். சர்க்கார் அவரைப் பிடித்துப் பல நூறு மைல் தள்ளி பெர்த் நகரத்தில் வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைத்தது. பெரியவனான பிறகு சொந்த மண்ணுக்குத் திரும்பி வந்துதான் தன் கொள்ளுப் பாட்டன் இன்னார் என்பதன் முழு அர்த்தத்தையும் தெரிந்துகொண்டார். தெற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவனக் கிராமமான இண்டுல்கானாவில் குடியேறி, அங்குள்ள கலைக்கூடத்தில் படம் எழுதத் தொடங்கினார்.

பாட்டன் எழுதியது மலையும் மரமும். பேரன் எழுதத் துணிந்தது முகங்களை. யாருடைய முகங்களை? பிரதம மந்திரிகள் ஏழு பேர், பணக்காரர்கள் ஏழு பேர், தலைமுறை தலைமுறையாக அந்த நாட்டை ஆண்ட ராணி, அந்தக் கரையில் முதலில் கொடி நாட்டிய காப்டன் குக், இவர்களோடு தன் இனத்துத் தலைவர்கள், தன் கொள்ளுப் பாட்டன், தான். மூக்கு கொஞ்சம் கோணலாக இருக்கும்; கண் கொஞ்சம் பெரிதாக இருக்கும்; கழுத்து சட்டைக்குள் அமிழ்ந்திருக்கும். பார்த்தவுடன் சிரிப்பு வரும். சிரித்து முடித்த பிறகு தொண்டையில் ஏதோ அடைக்கும். ராஜாவானாலும் கூலிக்காரனானாலும் அவர் தூரிகைக்கு முன்னால் ஒரே கோணல்தான். சமத்துவத்தைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதலாம். இவர் அதை ஒரு மூக்கில் சொல்லிவிடுகிறார்.

2019-இல் ராம்ஸே பரிசு கிடைத்தது. 2020-இல் ஆர்ச்சிபால்ட் பரிசு. ஆடம் குட்ஸ் என்ற கால்பந்து வீரரும் தானும் கை கோத்து நிற்பது போல எழுதிய படத்துக்கு. குட்ஸும் பூர்வ குடிக்காரர். நிறத் துவேஷத்தை எதிர்த்துப் பேசியதற்காக, மைதானம் மைதானமாகக் கூட்டம் ஊளையிட்டே ஆட்டத்திலிருந்து விரட்டிய மனிதர். ஆர்ச்சிபால்ட் பரிசு தொடங்கி 99 வருஷத்துக்குப் பிறகு, பூர்வ குடியில் பிறந்த ஓர் ஓவியர் அதை வாங்கியது அதுவே முதல் தடவை. 1956-இல் முகம் கொடுத்தவரின் கொள்ளுப் பேரன், 2020-இல் கை கொடுத்து வாங்கினான்.

"பார்த்தீர்களா, கடைசியில் பரிசு கிடைத்துவிட்டதே! நியாயம் ஜெயித்துவிட்டதே!" என்று சினிமாவின் கடைசி ரீலைப் பார்த்ததுபோலக் கண்ணைத் துடைத்துக்கொள்ளாதீர்கள். கதை அங்கே முடியவில்லை. 2024-இல் கான்பெராவிலுள்ள தேசியக் கலைக்கூடத்தில் வின்சென்டின் படங்களை வைத்திருந்தார்கள். அவற்றுள் ஒன்று, ஆஸ்திரேலியாவின் முதல் பணக்காரரான ஜினா ரைன்ஹார்ட் என்ற இரும்புச் சுரங்கச் சீமாட்டியின் முகம். வழக்கமான கோணலோடுதான் இருந்தது. அம்மையாருக்குப் பிடிக்கவில்லை. அதை எடுத்துவிடும்படி கேட்டார். கலைக்கூடம் எடுக்கவில்லை. கான்பெராவில் ஒரு சுவரில் தொங்கிய அந்த முகம், சீமாட்டியின் தயவால் உலகத்துப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் வந்துவிட்டது!

இந்தச் சம்பவத்தில் எனக்கு ஒரு பாடம் தெரிகிறது. மலையை எழுதிய பாட்டனின் படத்தை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. மலை மூக்கைப் பற்றிப் புகார் செய்யாது. மலையைப் பார்க்கிறவனும் தன்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பாட்டன் அந்த மலையை வெறும் காட்சியாக எழுதவில்லை. அது அவருடைய முன்னோர் நடந்த பூமி, ஒவ்வொரு பாறைக்கும் அவர்களிடம் ஒரு கதை உண்டு. வாங்கி மாட்டியவனுக்கு அந்தக் கதை வேண்டியிருக்கவில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது சோபாவுக்கு மேலே ஓர் ஊதா மலை. பேரன் முகத்தை எழுதியதும்தான் சோபாவில் உட்கார்ந்திருந்தவன் துள்ளி எழுந்தான்.

*

"அது வெள்ளைக்காரன் பண்ணின அக்கிரமம். எங்கோ ஆஸ்திரேலியாவில் நடந்ததற்கும் நமக்கும் என்ன?" என்று கேட்பீர்கள். கேட்பீர்கள் என்று தெரிந்துதான் பழனி மலையில் ஆரம்பித்தேன். அங்கேயே வாருங்கள்.

கொடைக்கானல் காட்சிக்குள்ளே யார் இருக்கிறார்கள்? இந்த மலையில் தாண்டிக்குடி முதலான இடங்களில் கற்பலகைகளால் கட்டிய புராதன ஈமக் கல்லறைகள் இருக்கின்றன. அவற்றை ஆராய்ந்து ஆங்கிலாத் பாதிரியாரும் நியூட்டன் பாதிரியாரும் எழுதிய புத்தகத்தை 1928-இல் தொல்பொருள் இலாகா வெளியிட்டது. வெள்ளைக்காரன் வந்து கண்டுபிடிக்கும் வரையில் இது ஆளில்லாத மலை என்று எண்ணுகிறவர்களுக்கு அந்தக் கற்களே பதில். தேனெடுத்தும் கிழங்கு தோண்டியும் காட்டுப் பொருள்களைச் சேகரித்தும் இங்கே வாழ்ந்த பளியர் இன்னும் இந்த மலையிலேதான் இருக்கிறார்கள். காட்டில் காலங்காலமாகக் குடியிருப்பவனுக்கு அந்தக் காட்டில் உரிமை உண்டு என்று பாராளுமன்றம் சட்டம் செய்தது 2006-இல். சுதந்திரம் வந்து 59 வருஷத்துக்குப் பிறகு. நமட்ஜிராவுக்கு மேய்ச்சல் நிலம் மறுத்த கதையைக் கேட்டு 'ஐயோ பாவம்' என்றீர்களே, அந்த 'ஐயோ'வில் கொஞ்சம் இங்கேயும் மிச்சம் வையுங்கள்.

இன்னொன்று சொல்கிறேன். 1980-களில் இந்தக் குளிர்ந்த ஊரில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை வந்தது. அமெரிக்காவில் மூடிய ஆலையின் பழைய யந்திரங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள்; பிறகு அது இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் வசமாயிற்று. 2001-இல், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி ஊருக்குள்ளேயே ஒரு பழைய சாமான் கிடங்கில் டன் கணக்கில் கிடந்தது அம்பலமாகி, ஆலையை மூடினார்கள். பாதரசத்தால் உடம்பு கெட்டது என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். கம்பெனி இல்லை என்றது. வழக்கும் போராட்டமுமாகப் பதினைந்து வருஷம் ஓடிற்று. 2016-இல் 591 முன்னாள் தொழிலாளர்கள் சம்பந்தமாக ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அந்தப் பதினைந்து வருஷமும் நாம் கோடைதோறும் அந்த மலைக்குப் போனோம். 'சித்திரம் போல இருக்கிறது' என்றோம்.

"கலையினால் இதற்கெல்லாம் என்ன செய்ய முடியும்?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு தகவல். 2015-இல் சோஃபியா அஷ்ரஃப் என்ற இளம் பெண் அந்தப் பாதரசத்தைப் பற்றி ஒரு பாட்டுப் பாடினாள். லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள், கேட்டார்கள். மறு வருஷம் உடன்பாடு வந்தது. பாட்டினால்தான் வந்தது என்று சொன்னால் பதினைந்து வருஷம் போராடிய தொழிலாளிக்குத் துரோகம் செய்தவனாவேன். ஆனால் ஒரு மலைக்குள் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று ஊருக்கு ஞாபகப்படுத்தக் கலையால் முடியும். அதற்குப் பாட்டுக்கு ஒரு நியாயம், படத்துக்கு ஒரு நியாயம் கிடையாது.

எங்கள் எழுத்தாளர் ஜாதியையும் விட்டுவிடப் போவதில்லை. தொடர்கதைகளில் கொடைக்கானல் எதற்கு வரும்? தேனிலவுக்கு வரும்; கதாநாயகிக்கு நெஞ்சு நோய் கண்டால் வரும்; எஸ்டேட் முதலாளி மகனுக்குக் காதல் தோல்வி வந்தால் பள்ளத்தாக்கு விளிம்பில் நிற்க வரும். குதிரையைப் பிடித்துக்கொண்டு நாளெல்லாம் ஏரியைச் சுற்றுகிறானே, அவனுக்கு வசனம் உண்டா? "சார், குதிரை வேணுமா?" அவ்வளவுதான். கதையிலும் காட்சிதான் வேண்டியிருக்கிறது!

*

கலைஞனை என்ன செய்தோம் என்று பார்ப்போம்.

கோவில்பட்டியில் கொண்டையராஜு என்று ஒருவர் இருந்தார். 1898-இல் பிறந்து 1976-இல் மறைந்தவர். சென்னைக் கலைப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச் சீலை எழுதி, பிறகு காலண்டர்களுக்குத் தெய்வப் படங்கள் எழுதியவர். முருகனும் மீனாட்சியும் லட்சுமியும் நம் பாட்டிமார் கண்ணில் எந்த முகத்தோடு நின்றார்களோ, அந்த முகங்களில் பல அவரும் அவர் சிஷ்யர்களும் கொடுத்தவை. கண்ணாடி போட்டு மாட்டி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினோம். படத்தின் கீழே பட்டாசுக் கடையின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், அதை வாசித்தோம். எழுதியவர் பெயரை எத்தனை பேர் வாசித்தோம்?

"கோபுலுவையும் சில்பியையும் மணியத்தையும் தலையில் வைத்துக் கொண்டாடினோமே!" என்று ஆட்சேபிப்பீர்கள். வாஸ்தவம். சில்பியின் கோயில் சிற்பங்களையும், 'பொன்னியின் செல்வ'னுக்கு மணியம் போட்ட படங்களையும் கிழித்து வைத்துத் தைத்துக்கொண்ட வீடுகள் உண்டு. ஆனால் அவர்கள் கதையின் கையைப் பிடித்துக்கொண்டோ, கோயிலின் கையைப் பிடித்துக்கொண்டோ வந்தார்கள். அதனால் உள்ளே விட்டோம். தனியாக வந்து கதவைத் தட்டிய ஓவியனுக்கு என்ன கிடைத்தது?

கே. சி. எஸ். பணிக்கர் தட்டினார். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னைக் கலைப் பள்ளிக்கு 1957 முதல் பத்து வருஷம் தலைவராக இருந்தவர். லண்டனிலும் பாரிஸிலும் படங்களைக் காட்டியவர். அவரிடம் படித்து வெளியே வந்த பிள்ளைகளுக்குச் சென்னையில் பிழைக்க வழியில்லை. படம் வாங்க ஆளில்லை. அவர் என்ன செய்தார்? சர்க்காரிடம் கையேந்தவில்லை. பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்யச் சொன்னார். அவற்றை விற்ற காசில் நிலம் வாங்கினார்கள். 1966-இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், கடற்கரை மணலில், முப்பதுக்கு மேற்பட்ட கலைஞர்கள் குடியேறினார்கள். அதுதான் சோழமண்டலம். உலகத்துக் கலை விமர்சகர்கள் தேடி வந்து பார்த்த இடம்.

கவனியுங்கள். தமிழ்நாட்டு மத்தியதர வர்க்கம் அவர்களிடம் வாங்கியது மேஜை விரிப்பும் ஜன்னல் திரையும். அந்தக் காசில் அவர்கள் அரிசி வாங்கினார்கள்; மிச்ச நேரத்தில் படம் எழுதினார்கள். ஓவியனை நாம் போஷித்தோம் என்று மார் தட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. மேஜைக்கு விரிப்பு வாங்கிய பக்கத்தில் ஓவியம் தானாகப் பிழைத்துக்கொண்டது.

அந்த மணலில் ஒருவர் இருந்தார், கே. ராமானுஜம். குள்ளமான உருவம், பேச்சுத் திக்கும். பள்ளிக்கூடம் அவரை உதவாக்கரை என்று தள்ளியது, பணிக்கர் சேர்த்துக்கொண்டார். கறுப்பு மையால், கோடு கோடாக, மாளிகைகளும் நாகங்களும் சிறகு முளைத்த பெண்களுமாக ஒரு கனவு நகரத்தை எழுதினார் ராமானுஜம். அந்த நகரத்து வீதியில் தொப்பி போட்டுக்கொண்டு தாமே நடந்தார். 1973-இல், முப்பத்து மூன்றாம் வயதில், தற்கொலை செய்துகொண்டார். இன்று அவர் கோடு ஒன்றை வாங்கப் பணக்காரர்கள் ஏலத்தில் போட்டி போடுகிறார்கள். ஆஸ்திரேலியாக்காரன் நமட்ஜிராவைக் கூடாரத்தில் வைத்தான் என்று அவனை ஏசினோமே, நம் கை மட்டும் என்ன சுத்தம்?

*

இரண்டு சமாதானங்கள் எப்போதும் தயாராக இருக்கும். முதலாவது: "நவீன ஓவியம் புரியவில்லை." எது புரியவில்லை? உங்கள் பேரக் குழந்தை கோணல் மூக்கோடு தாத்தாவை எழுதிக் காட்டினால் புரிகிறதே! நாலு கட்டத்துக்குள் புதன், சனி என்று எழுதிய ஜாதகத்தை மணிக்கணக்கில் உற்றுப் பார்க்கிற ஜனங்கள் நாம். ஜாதகக் கட்டங்களையும் எழுத்துகளையும் போலவே பணிக்கர் ஒரு வரிசைப் படங்கள் எழுதினார். அதைப் பார்த்து மட்டும் 'புரியவில்லை' என்போம்! புரியாதது படமல்ல. பார்ப்பதற்கு நேரம் கொடுக்க நமக்கு மனசில்லை. முதல் தடவை கேட்ட ராகம் எத்தனை பேருக்குப் புரிந்தது? கேட்டுக் கேட்டுத்தானே காது பழகியது? கண்ணுக்கு மட்டும் பழக்கம் வேண்டாமா?

இந்தக் கொடைக்கானலிலேயே சூரிய ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. 1904-இலிருந்து நூறு வருஷத்துக்கு மேல், வானம் தெளிந்த நாளெல்லாம், சூரியனில் தோன்றும் புள்ளிகளையும் கொழுந்துகளையும் அங்கே ஒருவர் உட்கார்ந்து வர்ணப் பென்சிலால் கையாலேயே வரைந்து வந்திருக்கிறார்கள். கண்ணால் பார்க்கவே முடியாத சூரியனை அத்தனை பொறுமையாகப் பார்த்த ஊர் அது. நாம் அங்கே போய்ச் சாக்லெட் வாங்கிக்கொண்டு திரும்புகிறோம்.

இரண்டாவது சமாதானம்: "அதெல்லாம் பணக்காரர் சமாசாரம், நமக்குக் கட்டுப்படியாகுமா?" ஏலத்தில் போகிற படத்தை வாங்கச் சொல்லவில்லை. சென்னையில் 1850-இல் தொடங்கிய கலைக் கல்லூரி இருக்கிறது. கும்பகோணத்தில் ஒன்று இருக்கிறது. வருஷந்தோறும் பிள்ளைகள் படித்து வெளியே வருகிறார்கள். பெயர் இல்லாத பிள்ளைகள். இன்னும் பரிசு வாங்காத பிள்ளைகள். ஒரு குடும்பம் நாலு நாள் கொடைக்கானலுக்குப் போய் வர ஆகிற செலவைக் கூட்டிப் பாருங்கள்: வண்டி, அறை, படகு, குதிரை, ஸ்வெட்டர், தைலம், மலைப்பூண்டு. அதில் ஒரு பங்கு போதும், ஒரு பிள்ளை மூன்று மாதம் மேஜை விரிப்பு தைக்காமல் படம் எழுதுவான்.

பரிசு கொடுக்க ஸ்தாபனங்கள் இருக்கின்றன. பரிசு ஓவியனை உண்டாக்குவதில்லை. ஏற்கனவே உண்டானவனுக்கு மாலை போடுகிறது. அவன் உண்டாகிற காலத்தில், அவனை நம்பி ஒரு சுவரைக் காலி செய்து கொடுக்கிறவன்தான் அவனைக் காப்பாற்றுகிறான். நமட்ஜிராவுக்குப் பதக்கம் கொடுத்தவர்களுக்குக் குறைவில்லை. பக்கத்தில் வீடு கட்டிக்கொள்ள விடுகிறவன்தான் இல்லாமல் போனான்.

ஆகவே அடுத்த கோடையில் மலையேறுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் மிகச் சின்னது. 'சித்திரம் போல' என்று சொல்வதற்கு முன்னால் ஒரு சித்திரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். ஒரு கண்காட்சிக்குள் நுழையுங்கள். அனுமதி இலவசம், யாரும் அடிக்க மாட்டார்கள். பிடித்த படத்தின் விலையைக் கேளுங்கள். பூண்டுக்குப் பேரம் பேசுவது போலப் பேசாதீர்கள். அது மலைப் படமாக இல்லாமல் ஒரு பளியக் கிழவியின் முகமாகவோ, குதிரைக்காரனின் முகமாகவோ, உங்கள் முகத்தையே கோணலாகக் காட்டுகிற படமாகவோ இருந்தால், எடுத்துவிடும்படி கேட்காமல் கொஞ்ச நேரம் அதன் எதிரில் நில்லுங்கள். வலது பக்கம் கீழ் மூலையில் சின்னதாக ஒரு பெயர் எழுதியிருக்கும். குனிந்து அதைப் படியுங்கள்.